டிராஃபிக்கில் மட்டும் சூடேறும் இன்ஜின்: தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் இரண்டும் மாற்றியும் தீரவில்லை

மழைப்பயணி:
எல்லோருக்கும் வணக்கம். 1.2 லிட்டர் பெட்ரோல் கார், மேனுவல் கியர். ரேடியேட்டருக்குப் பின்னால் ஒற்றை மின்சார ஃபேன். நெடுஞ்சாலையில் ஏசி போட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் ஓட்டினாலும் டெம்பரேச்சர் முள் நடுவில் அசையாமல் நிற்கிறது. நகரத்துக்குள் வந்து நெரிசலில் மாட்டினால்தான் பிரச்சினை. கொஞ்ச நேரத்தில் முள் மேலே ஏற ஆரம்பிக்கிறது. ஏசியை அணைத்தால் ஏறுவது நிற்கிறது. சாலை காலியாகி வேகம் எடுத்துவிட்டால் மறுபடி நடுவுக்கு வந்துவிடுகிறது.

ஒர்க்‌ஷாப்பில் முதலில் தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்ப ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும் வால்வு) மாற்றினார்கள். மாற்றம் இல்லை. அப்புறம் ரேடியேட்டர் அடைத்திருக்கிறது என்று புது ரேடியேட்டர் போட்டார்கள். அதற்குப் பிறகு முன்பைவிட மோசமாகிவிட்டது போலத் தோன்றுகிறது. இப்போது ஹெட் கேஸ்கெட் (இன்ஜினுக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்கும், ஹெட்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும் என்கிறார்கள். ஃபேன் ஓடுகிறது, பானட்டைத் திறந்து நானே பார்த்தேன். கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அளவு குறையவில்லை. ஹெட்டைக் கழற்றக் கொடுப்பதற்கு முன்னால் வேறு எதையாவது சோதிக்க வேண்டுமா?

ஸ்பேனர்செட்:
தயவுசெய்து ஹெட்டைத் தொட விடாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது.

எரியும் பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இன்ஜினைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு சைலன்சர் வழியே போய்விடும். மீதி கூலண்ட் தலையில் விழுகிறது. நெடுஞ்சாலையில் இன்ஜின் அதிக வேலை செய்கிறது, அதிக பெட்ரோல் எரிக்கிறது, கூலண்டுக்குப் போகும் சூடும் அதிகம். அந்தச் சூட்டையே உங்கள் வண்டி சமாளித்துவிடுகிறது என்றால் ரேடியேட்டர் குழாய்கள், தெர்மோஸ்டாட், கூலண்டைச் சுற்றவைக்கும் பம்ப் மூன்றும் தங்கள் வேலையைப் பெரும்பாலும் ஒழுங்காகச் செய்கின்றன என்று அர்த்தம். ஹெட் கேஸ்கெட் போன வண்டி பொதுவாக இதற்கு நேர்மாறாக, மேட்டில் ஏறும்போதும் நல்ல வேகத்திலும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

நிற்கும்போது மட்டும் இல்லாத ஒன்று எது? வண்டி ஓடும்போது முன்னாலிருந்து தானாக வந்து மோதும் காற்று. நின்றுவிட்டால் அந்தக் காற்றை ஃபேன் மட்டும்தான் இழுத்தாக வேண்டும். அதனால் முதல் சந்தேகம் காற்றோட்டத்தின் மேல். இரண்டாவது சந்தேகம், ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) பம்ப் தள்ளும் கூலண்டின் அளவு. இந்த இரண்டைத் தாண்டி இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம்.

ஒரு கேள்வி. நெரிசலில் முள் ஏறும் நேரத்தில் ஏசியின் குளிர்ச்சி எப்படி இருக்கிறது?

மழைப்பயணி:
நல்லவேளை கேட்டீர்கள். முள் ஏறுவதற்கு முன்பே குளிர்ச்சி குறைந்துவிடுகிறது. வண்டி வேகம் எடுத்தால் மறுபடி நன்றாகக் குளிர்கிறது. இது ஏசி கேஸ் குறைந்ததால் வரும் தனிப் பிரச்சினை என்று நினைத்து அதைப் பற்றி எழுதவில்லை.

ஸ்பேனர்செட்:
தனிப் பிரச்சினை இல்லை, இரண்டும் ஒன்றுதான். ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் ஒட்டி நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே காற்று, ஒரே ஃபேன். நின்றால் இன்ஜினும் சூடாகிறது, ஏசியும் மந்தமாகிறது, ஓடினால் இரண்டும் சரியாகிறது என்றால் இரண்டுக்கும் பொதுவான காற்றில்தான் கோளாறு. ஹெட் கேஸ்கெட் போனால் ஏசி குளிர்ச்சி குறையாது. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ சூட்டைப் பார்த்து ஏசி கம்ப்ரசரை நிறுத்துவது உண்டு, ஆனால் அது முள் மேலே போன பிறகு நடப்பது. உங்களுக்கு அதற்கு முன்பே குறைகிறது.

மின்சுற்று:
"ஃபேன் ஓடுகிறது" என்கிறீர்கள், எந்த வேகத்தில் ஓடுகிறது? பல கார்களில் ஃபேனுக்கு இரண்டு வேகம் உண்டு. ஏசி போட்டதும் அல்லது கூலண்ட் 95 டிகிரியைத் தாண்டியதும் மெதுவான வேகம் வரும். கூலண்ட் இன்னும் ஏறினால், அல்லது ஏசி குழாயில் அழுத்தம் கூடினால், முழு வேகம் வரும். எத்தனை டிகிரியில் என்பது வண்டிக்கு வண்டி மாறும், பொதுவாக 100க்கும் 105க்கும் நடுவில் எங்காவது இருக்கும். முழு வேகம் வரும்போது ஓசையே வேறு, வண்டிக்கு வெளியே நிற்பவருக்கும் தெளிவாகக் கேட்கும். மெதுவான வேகம் மட்டும் வேலை செய்கிற வண்டியில் யார் பானட்டைத் திறந்து பார்த்தாலும் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். "ஃபேன் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த பார்ட்டுக்குப் போய்விடுவார்கள். ரொம்ப நாளாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது.

வண்டியின் கணினியிலிருந்து எண்களைப் படித்துக் காட்டும் ஒரு ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனரை இரவல் வாங்கியாவது மாட்டுங்கள். டாஷ்போர்டு முள்ளை நம்பி எதுவும் செய்ய முடியாது. இப்போதைய பல கார்களில் கூலண்ட் 80 டிகிரியாக இருந்தாலும் 100 டிகிரியாக இருந்தாலும் முள் நடுவில் நிற்கும்படியே அமைத்திருக்கிறார்கள். ஓட்டுபவர் பதற்றப்படக் கூடாது என்பதற்காகச் செய்தது. அதனால் முள் அசைகிறது என்றாலே சூடு ஏற்கெனவே நன்றாக ஏறிவிட்டது என்று அர்த்தம். ஸ்கேனரில் உண்மையான எண் தெரியும்.

நெடுஞ்சாலை:
இவ்வளவு யோசிப்பானேன்? தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். வெப்பமான ஊர்களில் அது தேவையே இல்லை. என் பழைய வண்டியில் அப்படித்தான் ஓட்டினேன், சூடேறும் பேச்சே இருந்ததில்லை.

ஸ்பேனர்செட்:
நண்பரே, இதைப் படித்துவிட்டு யாராவது செய்துவிடுவார்கள் என்பதால் விரிவாகவே மறுக்கிறேன்.

தெர்மோஸ்டாட் குளிர் நாட்டுக்கான பொருள் இல்லை. 82 அல்லது 88 டிகிரி வாக்கில் திறக்கத் தொடங்கி, அதற்கு மேல் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் முழுக்கத் திறந்துவிடும். முழுக்கத் திறந்த தெர்மோஸ்டாட்டுக்கும் தெர்மோஸ்டாட்டே இல்லாததற்கும் ரேடியேட்டருக்குப் போகும் ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் வராது. அப்புறம் எப்படி அதைக் கழற்றினால் நெரிசலில் சூடு குறையும்?

பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே இன்னொரு தட்டு இருக்கும். தெர்மோஸ்டாட் திறக்கும்போது அந்தத் தட்டு பைபாஸ் வழியை மூடும். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். கூலண்டின் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். அப்படிப்பட்ட வண்டியில் நெரிசலில் சூடு கூடவே செய்யும்.

வேகமாக ஓடும்போது இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது. ஈசியூ இன்னும் வார்ம்அப் முடியவில்லை என்று நினைத்து பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுக்கும். மைலேஜ் குறையும், சிலிண்டர் சுவரில் பெட்ரோல் கழுவி ஆயிலோடு கலக்கும், தேய்மானம் கூடும். தெர்மோஸ்டாட் கெட்டிருந்தால் புதிது போடுங்கள். கழற்றிப் போடாதீர்கள்.

நெடுஞ்சாலை:
பைபாஸ் தட்டு விஷயம் எனக்குப் புதிது. என் வண்டி கார்புரேட்டர் காலத்தது, அதில் ஈசியூவே கிடையாது. நீங்கள் சொல்வது புது வண்டிகளுக்குப் பொருந்தும் என்று ஏற்றுக்கொள்கிறேன்.

மழைப்பயணி:
ஸ்கேனர் கிடைத்துவிட்டது. நெடுஞ்சாலையில் 88 முதல் 91 வரை. சிக்னலில் நின்றதும் 95, 98 என்று ஏறியது. ஏசி போட்டிருந்ததால் ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. 103 வந்தபோது கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்தேன், ஓசை லேசாகத்தான் மாறியது. 107இல் ஏசியை அணைத்துவிட்டேன். அடுத்து என்ன செய்யட்டும்?

ஸ்பேனர்செட்:
நல்ல தகவல். இப்போது காற்றா, பம்பா என்பதைப் பிரித்துவிடலாம். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக், நியூட்ரல், ஏசி அணைத்தே இருக்கட்டும். கூலண்ட் 100 டிகிரிக்கு வந்ததும் ஆக்சிலரேட்டரை மிதித்து 2000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2000 சுற்று) பிடித்து எண்ணைப் பாருங்கள். உங்களுடையது மின்சார ஃபேன், இன்ஜின் வேகம் கூடினாலும் ஃபேன் வேகம் கூடாது. ஆனால் வாட்டர் பம்பை பெல்ட் சுற்றுகிறது, ஐடிலில் சுற்றுவதைவிட இரண்டு மடங்குக்கு மேல் சுற்றும். அதனால் 2000இல் சூடு இறங்கினால் பம்ப் ஐடிலில் போதுமான கூலண்டைத் தள்ளவில்லை. பம்புக்குள் சுற்றும் இம்பெல்லர் அரித்திருக்கலாம், பிளாஸ்டிக் இம்பெல்லர் என்றால் ஷாஃப்டில் நழுவலாம், பெல்ட் தளர்ந்திருக்கலாம். சூடு இறங்காமல் அப்படியே நின்றாலோ மேலே போனாலோ பம்ப் அநேகமாகக் குற்றவாளி இல்லை.

110ஐத் தாண்டவிடாதீர்கள். தாண்டும் போலிருந்தால் சோதனையை அங்கேயே நிறுத்துங்கள்.

இரண்டாவது, பெரிய பெடஸ்டல் ஃபேன் இருந்தால் வண்டியின் மூக்குக்கு நேராக வைத்து முழு வேகத்தில் ஓடவிடுங்கள். வெளிக்காற்று கிடைத்ததும் எண் இறங்கினால் விஷயம் முடிந்தது, உங்கள் வண்டி காற்றுக்குத்தான் ஏங்குகிறது.

மூன்றாவது, வண்டியின் ஃபேன் ஓடும்போது ஒரு தாளை கிரில்லுக்கு உள்ளே, கண்டென்சர் மேல் பிடியுங்கள். தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். கீழே விழுந்தால் உறிஞ்சல் போதாது. எதிர்ப்பக்கம் பறந்து வந்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. சிரிக்காதீர்கள், மோட்டாரை மாற்றும்போது இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்தால் டிசி மோட்டார் எதிர்த்திசையில் சமர்த்தாகச் சுற்றும். பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

பானட்டுக்குள் கை வைக்கும்போது கவனம். இன்ஜினை அணைத்த பிறகும் ஃபேன் தானாகக் கிளம்பலாம்.

பழையடீசல்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது பெரிய டீசல் வண்டி, ஃபேன் இன்ஜினோடு பெல்ட்டில் சுற்றுகிறது. எனக்கும் இதே தொல்லை, நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது. 2000 ஆர்பிஎம் சோதனை எனக்கும் பொருந்துமா?

ஸ்பேனர்செட்:
அண்ணா, உங்களுக்கு அந்தச் சோதனை எதையும் பிரித்துக் காட்டாது. ஆர்பிஎம் ஏற்றினால் பம்பும் ஃபேனும் சேர்ந்தே வேகமெடுக்கும். உங்கள் வண்டியில் ஃபேனுக்கு நடுவில் விஸ்கஸ் கிளட்ச் இருக்கும். உள்ளே சிலிகான் எண்ணெய், முன்பக்கம் சுருள் வடிவில் ஒரு பைமெட்டல் ஸ்பிரிங். ரேடியேட்டர் வழியே வரும் காற்று சூடானால் ஸ்பிரிங் விரிந்து எண்ணெய்க்கு வழி திறக்கும், கிளட்ச் இறுகும், ஃபேன் முழு வேகத்தில் சுற்றும். எண்ணெய் கசிந்து போயிருந்தால் இறுகவே இறுகாது.

இன்ஜின் நல்ல சூட்டில் இருக்கும்போது அணைத்துவிட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஃபேனைக் கையால் சுழற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்து உடனே நிற்க வேண்டும். தடையே இல்லாமல் பல சுற்று சுற்றினால் கிளட்ச் போய்விட்டது. கிளட்ச் நடுவிலிருந்து கருப்பாக எண்ணெய்க் கறை கதிர் கதிராகத் தெறித்திருந்தாலும் அதே முடிவுதான். ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு, அதாவது ஷ்ரவுட், உடையாமல் முழுசாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கூடு இல்லாவிட்டால் ஃபேன் தன்னைச் சுற்றியுள்ள சூடான காற்றையே திரும்பத் திரும்ப இழுக்கும்.

புதுலைசென்ஸ்:
ஓட்டக் கற்று அதிக நாள் ஆகவில்லை. நெரிசல் நடுவில் முள் ஏறினால் அந்த நேரத்தில் என்ன செய்வது? படிக்கப் படிக்கப் பயமாக இருக்கிறது.

மின்சுற்று:
பயப்பட வேண்டாம், வரிசையாகச் சொல்கிறேன். முதலில் ஏசியை அணைத்துவிடுங்கள். கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஹீட்டரை முழு சூட்டில், புளோயரை முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் ஹீட்டர் கோர் என்பதும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான், கூலண்டின் சூட்டை அது கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் என்றால் நிற்கும்போது நியூட்ரலுக்குப் போய்விடுங்கள். இதையெல்லாம் செய்தும் இறங்கவில்லை, சிவப்பு விளக்கு வந்துவிட்டது, ஆவி வருகிறது என்றால் ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும், அப்போது உண்மையாகவே ஹெட் கேஸ்கெட் வேலை வந்து சேரும்.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. உள்ளே கூலண்ட் 100 டிகிரிக்கு மேல் இருந்தும் அழுத்தம் இருப்பதால்தான் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போகும், மொத்தமும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். துணி போட்டுப் பிடித்தாலும் தப்ப முடியாது. மேல் ஹோஸைத் தொட்டால் சுடாத அளவுக்கு, அழுத்தினால் மெத்தென்று அமுங்கும் அளவுக்கு ஆறிய பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும். கொதிக்கும் இன்ஜின் மேலே குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதும் கூடாது, உலோகம் விரிசல் விடும்.

மழைப்பயணி:
சோதனைகளை முடித்தேன். 2000 ஆர்பிஎம்மில் பிடித்தபோது 100லிருந்து மெதுவாக 102க்குப் போனது, இறங்கவில்லை. பெடஸ்டல் ஃபேன் வைத்ததும் இறங்க ஆரம்பித்து 95க்கு வந்துவிட்டது. தாள் சோதனையில் மேல்பாதியில் தாள் லேசாக ஒட்டியது, கீழ்ப்பாதியில் ஒட்டவே இல்லை, நழுவி விழுந்தது.

ஸ்பேனர்செட்:
கீழ்ப்பாதி அடைத்திருக்கிறது. பம்பரைக் கழற்றாமல் அது தெரியாது. கிரில் வழியே பார்த்தால் கண்டென்சரின் மேல்பாதி மட்டும்தான் கண்ணில் படும், அது சுத்தமாகவே இருக்கும். சாலைத் தூசி, பூச்சி, பஞ்சு எல்லாம் பம்பர் பீமுக்குப் பின்னால், கீழே போய்த்தான் சேரும்.

இன்னொன்று. ரேடியேட்டர் மாற்றிய பிறகு மோசமானது என்றீர்கள் இல்லையா? ரேடியேட்டர், கண்டென்சர் இரண்டின் ஓரங்களிலும் கருப்பு ஃபோம் பட்டைகள் இருக்கும். பக்கவாட்டில் பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும், அடியில் ஒரு தட்டு இருக்கும். பார்த்தால் ஒன்றுக்கும் உதவாத பொருள் போல இருக்கும், அதனால் பழைய ரேடியேட்டரோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஃபேன் தள்ளிய சூடான காற்று முன்பக்கம் திரும்பி வந்து மறுபடி ரேடியேட்டருக்குள் நுழையாமல் தடுப்பது அவைதான். வேகமாக ஓடும்போது அவை இல்லாதது தெரியாது. நின்றால் தெரியும். அவை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மின்சுற்று:
அதோடு ஃபேன் பக்கத்தையும் முடித்துவிடுங்கள். 103இல் ஓசை லேசாகத்தான் மாறியது என்றீர்கள், அது எனக்கு உறுத்துகிறது. ஸ்கேனரில் ஃபேனை நேரடியாக முழு வேகத்தில் ஓடவைக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் கூலண்ட் சென்சாரின் கனெக்டரைக் கழற்றுங்கள். சென்சார் இல்லை என்று தெரிந்ததும் பல வண்டிகளில் ஈசியூ பாதுகாப்புக்காக ஃபேனை முழு வேகத்தில் ஓடவிடும். செக் இன்ஜின் விளக்கு எரியும், பிறகு அழித்துக்கொள்ளலாம்.

ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மோட்டார் கனெக்டரின் பின்பக்கமாக மல்டிமீட்டர் முனைகளைச் செருகி வோல்டேஜ் பாருங்கள். பேட்டரியிலும் பாருங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. கனெக்டரைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டாம். கரண்ட் ஓடாதபோது அழுகிப்போன ஒயரும் முழு வோல்டேஜ் காட்டும்.

மழைப்பயணி:
வேறொரு மெக்கானிக்கிடம் போனேன், பொறுமையானவர், என்னையும் கூடவே நிற்கவிட்டார். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட். ஸ்கேனரிலிருந்து முழு வேகம் கேட்டபோது ஃபேன் கனெக்டரில் 9.1 வோல்ட்.

மின்சுற்று:
4.7 வோல்ட் வழியில் எங்கோ தொலைகிறது. எர்த் பக்கம் எவ்வளவு, பாசிட்டிவ் பக்கம் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். முதலில் பேட்டரி நெகட்டிவுக்கும் மோட்டாரின் எர்த் பின்னுக்கும் நடுவில். அடுத்து ஃபேன் ரிலேயின் (ஃபேனுக்குக் கரண்டைப் போட்டு அணைக்கும் மின் சுவிட்ச்) கரண்ட் உள்ளே வரும் 30, வெளியே போகும் 87 பின்களுக்கு நடுவில். ரிலே மூடியிருக்கும்போது அங்கே ஏறக்குறைய பூஜ்யம் இருக்க வேண்டும்.

மழைப்பயணி:
எர்த் பக்கம் 0.2 மட்டும். ரிலே சாக்கெட்டில் 4.2! ரிலேயைப் பிடுங்கியபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. முழு வேக ரிலேயின் ஒரு கால் நீலமும் கருப்புமாக நிறம் மாறியிருந்தது. அது உட்காரும் சாக்கெட்டின் பிளாஸ்டிக் பழுப்பாகி, ஓரம் உருகி வளைந்திருந்தது. உள்ளே இருந்த செப்புப் பிடி விரிந்து, ரிலே காலைச் செருகினால் பிடிப்பே இல்லாமல் லொடலொடவென்று ஆடியது. மெதுவான வேகத்துக்கான ரிலே பக்கத்திலேயே புதிது போல இருந்தது.

மின்சுற்று:
இதேதான். பிடி தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் சூடாகும், சூட்டில் பிடி இன்னும் தளரும். 4.2 வோல்ட் விழும் இடத்தில் 10 ஆம்பியர் ஓடினாலே 42 வாட், அவ்வளவும் அந்தச் சின்ன சாக்கெட்டுக்குள். பிளாஸ்டிக் உருகாமல் என்ன செய்யும்? ரிலேயை மட்டும் மாற்றினால் சில நாளில் புது ரிலேயும் கருகும். சாக்கெட்டின் டெர்மினலையும் அதோடு வரும் ஒயரில் நிறம் மாறிய துண்டையும் மாற்றச் சொல்லுங்கள். டெர்மினலை சரியான கருவியால் கிரிம்ப் செய்ய (ஒயரோடு அழுத்தி இறுக்க) வேண்டும், ஒயரை முறுக்கி டேப் சுற்றினால் போதாது. பெரிய ஆம்பியர் ஃப்யூஸ் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஒயரைக் காப்பாற்றுவதே ஃப்யூஸ்தான்.

ஃபேன் மோட்டார் இழுக்கும் ஆம்பியரையும் ஒயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் பாருங்கள். பேரிங் இறுகிய மோட்டார் அதிக கரண்ட் இழுத்து சாக்கெட்டைக் கருக்கியிருக்கலாம். கையால் சுழற்றினால் ஃபேன் உரசாமல், ஆடாமல் சுற்ற வேண்டும்.

மழைப்பயணி:
மோட்டார் 14 ஆம்பியர் இழுக்கிறது, இந்த வண்டிக்கு இது சரியான அளவுதான் என்றார். சாக்கெட், ரிலே மாற்றியாயிற்று, இப்போது ஃபேன் கனெக்டரில் 13.4 வோல்ட். முழு வேக ஓசையை இந்த வண்டியில் இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறேன்.

பம்பரையும் கழற்றினோம். கண்டென்சரின் கீழ்ப்பாதி முழுக்கத் தூசியும் பூச்சி இறகும் பஞ்சும் சேர்ந்து கம்பளி போலப் படிந்திருந்தது. விரலால் கிள்ளினால் பட்டையாக உரிந்து வந்தது, அடியில் அலுமினிய ஃபின் (மெல்லிய தகடு) பளபளவென்று புதிதாக இருந்தது. பக்கவாட்டு ஃபோம் பட்டை ஒரு பக்கம் இல்லவே இல்லை. நீங்கள் சொன்னபடியே!

ஸ்பேனர்செட்:
மிக்க மகிழ்ச்சி. கழுவும்போது பிரஷர் வாஷர் வேண்டாம், ஃபின்கள் ஒரே அடியில் மடங்கிவிடும். மென்மையான பிரஷ், தோட்டக் குழாயின் சாதாரண வேகம் போதும். முடிந்தால் இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் விடுங்கள், அழுக்கு வந்த வழியே வெளியே போகும். ஃபேன் மோட்டார், கனெக்டர்களை மூடிவிட்டுச் செய்யுங்கள். மடங்கிய ஃபின்களை ஃபின் சீப்பால் நிமிர்த்தலாம். ஃபோம் பட்டைக்கு அதே தடிமனில் ஒட்டும் ஃபோம் வாங்கி ஒட்டினாலும் போதும், ஆனால் சூடு தாங்கும் வகையாக இருக்கட்டும்.

ரேடியேட்டர் மாற்றியபோது என்ன ஊற்றினார்கள் என்று கேட்டீர்களா?

மழைப்பயணி:
பச்சை நிறக் கூலண்ட். தண்ணீர் கலந்தார்கள், எவ்வளவு என்று தெரியவில்லை. பழைய ரேடியேட்டரிலிருந்து வந்தது சிவப்பு நிறம்.

ஸ்பேனர்செட்:
அப்படியென்றால் இதையும் ஒழுங்காக்கிவிடுங்கள். நிறத்தை மட்டும் வைத்து வகையைச் சொல்ல முடியாது, கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். உங்கள் வண்டியின் கையேட்டில் எந்த வகை என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து ஒரே வகையை ஊற்றுங்கள். பொருந்தாத வகைகள் கலந்தால் துருவைத் தடுக்கும் மருந்துகள் ஒன்றையொன்று கெடுக்கும், சில கலவைகள் கூழாகி மெல்லிய குழாய்களை அடைக்கும். பாதி கூலண்ட், பாதி வடித்த தண்ணீர் என்பதுதான் பொதுவான கலவை. குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு உள்ளே சுண்ணாம்பாகப் படியும். ஏற்கெனவே கலந்து வரும் கூலண்ட் வாங்கினால் மேற்கொண்டு தண்ணீர் சேர்க்கக் கூடாது.

அப்படியே மூடியையும் மாற்றிவிடுங்கள். சின்னப் பொருள், ஆனால் பெரிய வேலை. மேலே எழுதியிருக்கும் 0.9 அல்லது 1.1 என்ற எண் பார் கணக்கில் அழுத்தம். 1.1 பார் தாங்கும் மூடி இருந்தால் பாதிக்குப் பாதி கலவை 125 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் அதற்கு வெகு முன்பே கொதித்து ரிசர்வ் டேங்க் வழியே வழியும். மூடியில் இன்னொரு சின்ன வால்வும் உண்டு, இன்ஜின் ஆறும்போது ரிசர்வ் டேங்கில் இருந்து கூலண்டைத் திரும்ப இழுக்க. அது அடைத்தால் காலையில் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிப்போய்க் கிடக்கும். பழைய எண்ணே இருக்கும் மூடியை வாங்குங்கள், அதிக அழுத்தம் தாங்கும் மூடி போட்டால் ஹோஸும் ஹீட்டர் கோரும் பழிவாங்கும்.

ஊற்றும்போது ஏர் லாக் (உள்ளே காற்று சிக்கிக்கொள்வது) வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹீட்டரை முழு சூட்டில் வைத்து, வண்டியின் மூக்கு கொஞ்சம் உயர்ந்திருக்கும்படி நிறுத்தி, மெதுவாக ஊற்றுங்கள். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் குமிழி இல்லாமல் கூலண்ட் வரும்வரை திறந்து வைக்கவும். ஹீட்டரில் நல்ல சூடான காற்று வந்தால் உள்ளே காற்று இல்லை என்று ஓரளவு நம்பலாம். ஆறிய பிறகு அளவைத் திரும்பப் பாருங்கள்.

புதுலைசென்ஸ்:
ஹெட் கேஸ்கெட் உண்மையாகவே போயிருந்தால் எப்படித் தெரியும்? ஹெட்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டுமா?

ஸ்பேனர்செட்:
இல்லை, கழற்றுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. வெளியே கசிவே இல்லாமல் கூலண்ட் குறைந்துகொண்டே போகும். ஆறிய இன்ஜினைக் கிளப்பிய ஓரிரு நிமிடத்தில், சூடாகும் முன்பே, மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகும். ரிசர்வ் டேங்கில் இடைவிடாமல் குமிழி வரும். சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை, ஆயிலில் வெளிர் பழுப்புக் குழம்பு, இதெல்லாம் முற்றிய நிலை. சந்தேகம் இருந்தால் பிளாக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து, மேலே வரும் ஆவியை நீல நிறத் திரவத்தின் வழியே இழுப்பார்கள். சிலிண்டரில் இருந்து எரிந்த புகை கூலண்டுக்குள் வந்தால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு நீலத்தை மஞ்சளாக்கும். டீசல் இன்ஜினுக்குத் தனித் திரவம் உண்டு. இந்தச் சோதனையைச் செய்யாமல் ஹெட்டைக் கழற்றச் சொல்பவரிடம், ஏன் செய்யவில்லை என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பழையடீசல்:
சூட்டில் ஃபேனைச் சுழற்றிப் பார்த்தேன் தம்பி, தடையே இல்லாமல் சுற்றிக்கொண்டே போனது. கிளட்சில் எண்ணெய்க் கறையும் இருக்கிறது. புது கிளட்ச் வாங்கிவிட்டேன். பெட்டியில் படுக்கவைத்து வந்திருக்கிறது, அதனால் கெட்டுப்போயிருக்குமா?

ஸ்பேனர்செட்:
கெட்டுப்போகாது அண்ணா, ஆனால் உடனே மாட்ட வேண்டாம். வண்டியில் நிற்பது போலவே ஒரு நாள் நிறுத்தி வையுங்கள், எண்ணெய் அதனிடத்துக்கு வந்து சேரட்டும். கழற்றும்போது நட்டின் மரையைப் பாருங்கள், பல வண்டிகளில் அது இடப்பக்க மரை, வழக்கமான திசையில் திருகினால் இன்னும் இறுகும்.

மழைப்பயணி:
எல்லா வேலையும் முடிந்தது. கையேட்டில் சொன்ன கூலண்ட், புது மூடி, ஃபோம் பட்டை, ரிலே சாக்கெட். இன்று வேண்டுமென்றே மாலை நெரிசலில், ஏசி போட்டு, ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். நின்ற இடத்தில் 96 வந்தது, 98 வந்தது, 101இல் ஃபேன் முழு வேகத்துக்குப் போனது, எண் 94க்கு இறங்கியது, ஃபேன் மெதுவானது. இதே மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது, 101ஐத் தாண்டவில்லை. ஏசி குளிர்ச்சியும் குறையவில்லை, கேஸ் நிரப்பவே இல்லை. 94க்கும் 101க்கும் நடுவில் இப்படி ஆடுவது சரிதானா?

மின்சுற்று:
சரிதான். அந்த ஏற்ற இறக்கம் ஈசியூ ஃபேனைப் போட்டு அணைப்பதால் வருவது. கொஞ்ச நாள் ஓடிய பிறகு, நீண்ட நேரம் நெரிசலில் ஓட்டிவிட்டு நிறுத்தும்போது, புது ரிலேயைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு இருந்தால் கிரிம்ப் சரியில்லை, திரும்பக் காட்டுங்கள். கருகிய பழைய சாக்கெட்டின் படத்தை இங்கே போடுங்கள், அடுத்தவருக்குக் கண்டுபிடிக்க உதவும்.